புதிய குடும்ப வண்டியும் நீட்டித்த உத்தரவாதமும்



நம் தோட்டங்களில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. சைக்கிள் நின்ற இடத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. பிறகு பழைய புரோட்டோன் சாகாவோ பெரோடுவா கஞ்சிலோ வந்து சேர்ந்தது. இப்போது பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கிய பின், தரையிலிருந்து நன்கு உயர்ந்து நிற்கும், குடும்பமே ஏறிக்கொள்ளக் கூடிய எஸ்.யூ.வி. வண்டியைப் பற்றிய பேச்சு வீடுகளில் எழுகிறது.

இதை ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நமக்கு மனமில்லை. செம்பனைக்கு நடுவே இரண்டு மூன்று மைல் செம்மண் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு, லாரித் தடத்தில் அடிப்பாகம் இடிபடும் சத்தம் நன்றாகத் தெரியும். தாத்தா பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போக வேண்டும். சொந்தத்தில் ஒரு காரியம் என்றால் ஏழு பேர் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் பெரோடுவா நிறுவனம் ஆருஸ் என்னும் வண்டியை வெளியிட்டபோது, அதில் ஏழு இருக்கைகள் இருந்தன. அடிப்பாகம் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. விலை 72,900 வெள்ளியில் தொடங்கியது. நம் மக்கள் அதைத் திரும்பிப் பார்த்ததில் வியப்பில்லை.

ஆகவே வண்டி வாங்கலாமா, கூடாதா என்பதைப் பற்றி இன்று நாம் பேசப் போவதில்லை. வாங்குவது என்று முடிவு செய்து, குடும்பத்தோடு விற்பனை நிலையத்துக்குப் போய், நிறத்தையும் தேர்ந்தெடுத்த பிறகு, மேசை மீது இன்னொரு தாள் வந்து விழுகிறதே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். 'ஐந்து ஆண்டு உத்தரவாதம் கம்பெனி கொடுக்கிறது. இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் ஏழு ஆண்டாக நீட்டித்துக்கொள்ளலாம்' என்று விற்பனையாளர் சொல்வார். மலாய்த் தாளில் இதை 'வாரந்தி லஞ்சுத்தான்' என்று எழுதியிருப்பார்கள். பல்லாயிரம் வெள்ளிக்கு வண்டி வாங்கும் மகிழ்ச்சியில் இருப்பவருக்கு இரண்டாயிரமும் மூவாயிரமும் சிறிய தொகையாகத் தெரியும். அந்த நேரத்தில் கையெழுத்துப் போடுவது மிகவும் எளிது. அதனாலேயே வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உத்தரவாதம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வண்டி செய்த நிறுவனம், 'எங்கள் பொருளிலோ வேலைப்பாட்டிலோ குறை இருந்து ஏதேனும் பாகம் பழுதானால், இன்ன காலம் வரை எங்கள் செலவில் சரி செய்து தருகிறோம்' என்று கொடுக்கும் வாக்குறுதி அது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பலர் இதைக் காப்புறுதியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். வண்டி மரத்தில் மோதினால், திருடு போனால், காப்புறுதி பார்த்துக்கொள்ளும். செம்மண் பாதையில் கல் அடித்து எண்ணெய்த் தொட்டி உடைந்தால் அது வண்டி செய்தவன் குறை ஆகாது. உத்தரவாதம் அங்கே வராது. எண்ணெய் மாற்றுவது, வடிகட்டி மாற்றுவது முதலியவை பராமரிப்பு. அவை நம் பொறுப்பு.

வெள்ளமும் அப்படித்தான். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் வந்தபோது ஷா ஆலாமிலும் உலு லங்காட்டிலும் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. எத்தனை ஆண்டு உத்தரவாதம் கையில் இருந்தாலும் நீரில் மூழ்கிய இயந்திரத்துக்கு அது உதவாது. முழுமையான காப்புறுதி எடுத்தவருக்குங்கூட, வெள்ளத்துக்கென்று தனியாகக் கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும். தோட்டம் ஆற்றோரத்தில் இருக்குமானால், நீட்டித்த உத்தரவாதத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த வெள்ளக் காப்பைப் பற்றிக் கேளுங்கள் என்றே நாம் சொல்வோம்.

இனி, உத்தரவாதக் காலத்துக்கு வருவோம். நம் நாட்டில் பெரோடுவா, புரோட்டோன் போன்ற நிறுவனங்கள் பெரும்பாலும் 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் என்று உத்தரவாதம் கொடுத்து வந்திருக்கின்றன. வேறு சில நிறுவனங்கள் ஆண்டை மட்டும் எண்ணும், கிலோமீட்டரை எண்ணா. நாம் வாங்கும் வண்டிக்கு எது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். 'ஐந்து ஆண்டு' என்ற சொல் காதில் விழுகிறது. அதன் பின்னால் வரும் 'இவற்றுள் எது முன்னதோ அது' என்ற வாசகம் விழுவதில்லை. விஷயமே அந்த வாசகத்தில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்த வகுத்தல் கணக்குதான். வீட்டில் பிள்ளையிடமே கொடுத்துப் போடச் சொல்லலாம். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 120. மாதத்துக்கு 26 நாள் வேலை என்றால் 3,120 கிலோமீட்டர். 150,000-ஐ 3,120-ஆல் வகுத்தால் 48 மாதம். அதாவது ஐந்து ஆண்டு என்று நாம் நம்பியிருந்த உத்தரவாதம் நான்காம் ஆண்டு முடிவிலேயே தீர்ந்துவிடும். இதே வீட்டுக்கு ஏழு ஆண்டு அல்லது 200,000 கிலோமீட்டர் என்று ஒரு நீட்டிப்பை விற்றால் என்ன ஆகும்? 200,000 கிலோமீட்டர் 64 மாதத்தில், ஐந்து ஆண்டு நான்கு மாதத்தில் ஓடி முடிந்துவிடும். இரண்டு ஆண்டு என்று சொல்லிப் பணம் கட்டியவருக்குக் கிடைத்தது 16 மாதம்.

இனி வேறொரு குடும்பம். வண்டி கடைக்கும் கோயிலுக்கும் மருத்துவமனைக்குந்தான் போகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர். ஐந்து ஆண்டு முடிவில் 60,000; ஏழு ஆண்டு முடிவில் 84,000. இவர்களுக்கு நீட்டிப்பு முழுதாக இரண்டு ஆண்டு கிடைக்கும். ஆனால் 60,000 கிலோமீட்டருக்கும் 84,000 கிலோமீட்டருக்கும் இடையில், ஒழுங்காகப் பராமரித்த எளிய வண்டியில் பெரிய பழுது வருவது குறைவு. ஆக, நிறைய ஓட்டுகிறவருக்கு உத்தரவாதம் தேவை, அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது; குறைவாக ஓட்டுகிறவருக்கு அது நீண்டு கிடைக்கிறது, தேவைதான் குறைவு. இந்த முரண்பாட்டை விற்பனையாளர் எடுத்துச் சொல்ல மாட்டார். அது அவர் வேலையும் அல்ல.

இப்போது கடனுக்கு வருவோம். நம் நாட்டில் வண்டிக் கடன் ஒன்பது ஆண்டு வரை கிடைக்கிறது. தவணை சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்காக நம்மில் பெரும்பாலோர் அந்த ஒன்பது ஆண்டையே எடுத்துக்கொள்கிறோம். 73,000 வெள்ளி வண்டிக்குப் பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, மீதி 65,700 வெள்ளிக்குக் கடன் எடுத்தால், நெடுநாள் வழக்கத்தில் இருந்து வந்த நிலை வட்டி முறையில், ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று வைத்து, மாதம் ஏறத்தாழ 773 வெள்ளி வருகிறது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக நடப்புக்கு வந்தது. அந்தச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரு தவணைக்கே போகிறது. பெட்ரோல், சாலை வரி, காப்புறுதி எல்லாம் இதற்கு வெளியே.

ஐந்தாம் ஆண்டு முடிந்து நிறுவனத்தின் உத்தரவாதம் தீரும் அன்று, 108 தவணையில் 60 தான் கட்டியிருப்போம். இன்னும் 48 தவணை, 37,000 வெள்ளிக்கு மேல் பாக்கி. அந்த நான்கு ஆண்டும் வண்டி நம்முடைய பொறுப்பு, பழுதும் நம்முடையது, ஆனால் கடன் தீரும் வரை உரிமை நிதி நிறுவனத்திடம் இருக்கிறது. ஏழாம் ஆண்டில் கியர்ப்பெட்டி போய், பட்டறைக்காரர் ஐந்தாயிரம் ஆறாயிரம் என்று சொன்னால் என்ன செய்வோம்? அந்தப் பணத்தைக் கட்டினால் தவணை நிற்கும். தவணையைக் கட்டினால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வேலைக்குப் போவது எப்படி? 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, 21 நாள் கழித்து வண்டியை இழுத்துச் செல்ல வழியிருக்கிறது. ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டி முடித்தவரிடமிருந்து எடுக்க வேண்டுமானால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். இது தெரியாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு நின்றவர்கள் நம்மில் உண்டு.

ஆகையால் உத்தரவாதம் முடிந்து கடன் முடியாத அந்த நான்கு ஆண்டுதான் உண்மையான ஆபத்துக் காலம். அதை எப்படிக் கடப்பது என்பதே கேள்வி. நீட்டித்த உத்தரவாதம் அதற்கு ஒரு வழி. ஒரே வழி அன்று.

அந்த வழியைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். நீட்டித்த உத்தரவாதம் எல்லாப் பாகங்களையும் காப்பதில்லை. பெரும்பாலும் இயந்திரத்தின் உட்பாகங்கள், கியர்ப்பெட்டி, சிலவற்றில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, குளிர்சாதன அழுத்தி ஆகியவை பட்டியலில் இருக்கும். தேய்மானப் பொருள்கள் என்று கழித்துவிடும் பாகங்கள் ஏராளம். பிரேக் கட்டை, டயர், பேட்டரி, பல்பு, வைப்பர் ரப்பர், பல வேளைகளில் அதிர்வு தாங்கிகளும் சக்கரத்தடி ரப்பர் புஷ்களுங்கூட அதில் போய்விடும். தோட்டத்துப் பாதையில் ஓடும் வண்டிக்கு ஆறாம் ஏழாம் ஆண்டில் முதலில் போவது எது? அந்த அதிர்வு தாங்கியும் ரப்பர் புஷ்ஷும்தான். நமக்கு எது அடிக்கடி போகுமோ அது காப்பில் இல்லை. எது அரிதாகப் போகுமோ அது இருக்கிறது. ஆனால் அரிதாகப் போவது போனால் செலவு பெரியது. அந்தப் பெரிய செலவுக்காக மட்டுமே இதை எடை போட வேண்டும்.

எந்த வண்டிக்குப் பெரிய செலவு வரும் என்பதில் வேறுபாடு உண்டு. முன்பு சொன்ன ஆருஸ் வண்டி டர்போ இல்லாத 1.5 லிட்டர் இயந்திரமும் நான்கு வேகத் தானியங்கிக் கியரும் கொண்டு வந்தது. எளிய, பழகிய அமைப்பு. சிறு பட்டணத்துப் பட்டறைகளிலும் கைவைக்கக் கூடியது. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த புரோட்டோன் எக்ஸ்50 டர்போ இயந்திரமும் ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டியும் கொண்டது. 2021-ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த பெரோடுவா அத்திவாவில் ஒரு லிட்டர் டர்போ இயந்திரம். இவை கெட்ட வண்டிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஓட்டுவதற்கு இனிமையானவை. ஆனால் டர்போ, இரட்டைக் கிளட்ச், நிறைய மின்னணுச் சாதனங்கள் என்று நுட்பம் கூடக் கூட, பழுதானால் சிறு பட்டறை கைவிரித்துவிடும். நிறுவனப் பட்டறைதான் கதி. அப்படிப்பட்ட வண்டியை நீண்ட தூரம் வேலைக்கு ஓட்டுகிறவர், நிறுவனமே நேரடியாகக் கொடுக்கும் நீட்டிப்பு நியாயமான விலைக்குக் கிடைத்தால், அதை எடுத்துக்கொள்வதில் பொருள் இருக்கிறது. எளிய வண்டியைக் குறைவாக ஓட்டும் குடும்பத்துக்கு அது அநேகமாகத் தேவையில்லை என்பது நம் கருத்து.

நிறுவனமே கொடுப்பது என்று சொன்னோம். காரணம் உண்டு. நீட்டித்த உத்தரவாதங்களில் சிலவற்றை வண்டி செய்த நிறுவனம் தருகிறது. சிலவற்றை வேறு தனிக் கம்பெனிகள் விற்கின்றன. இரண்டாவது வகையில், ஒரு பழுதுக்கு இவ்வளவுதான், மொத்தம் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கக் கூடும். பழுது என்ன என்று கண்டுபிடிப்பதற்காக இயந்திரத்தைப் பிரிக்கும் கூலி நம் தலையில் விழக் கூடும். அந்தக் கம்பெனி ஏழு ஆண்டு கழித்து இருக்குமா என்பதையும் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி விலையைப் பார்ப்போம். நீட்டிப்பின் விலை 3,000 வெள்ளி என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். 'கையில் பணம் இல்லையா? வண்டி விலையோடு சேர்த்துக் கடனில் போட்டுவிடலாம். மாதம் முப்பத்தைந்து வெள்ளிதான் கூடும்' என்று சொல்லக் கூடும். முப்பத்தைந்து வெள்ளி சிறிய தொகைதான். 108 மாதத்துக்குக் கூட்டினால் அதுவே 3,810 வெள்ளி ஆகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். காப்பு நடப்பது ஆறாம் ஏழாம் ஆண்டுகளில். நாம் பணம் கட்டுவதோ முதல் மாதத்திலிருந்து. தொடங்காத காப்புக்கு ஐந்து ஆண்டு வட்டி கட்டுகிறோம். முடிந்துபோன காப்புக்கு மேலும் இரண்டு ஆண்டு கட்டுகிறோம். நீட்டிப்பு எடுப்பதாக இருந்தாலும் அதைக் கடனில் போடக் கூடாது என்பதில் மட்டும் நமக்கு ஐயமே இல்லை.

அதே 3,000 வெள்ளியை மாதம் 50 வெள்ளியாக ஒதுக்கி வைத்தால் 60 மாதத்தில் சேர்ந்துவிடும். அறுபதாம் மாதம், நிறுவனத்தின் உத்தரவாதம் முடியும் அதே மாதம். அதுவரை வண்டி நிறுவனத்தின் காப்பில் இருப்பதால் இந்தப் பணத்தைத் தொட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பிறகு அதிர்வு தாங்கி போனாலும் அந்தப் பணம் உதவும். பேட்டரி போனாலும் உதவும். ஒன்றும் போகவில்லை என்றால் நம் பணம் நம்மிடமே இருக்கும். நம் பெற்றோருக்கு இது புதியதன்று. 1960-ஆம் ஆண்டு துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில்தான் தோட்டங்களை வாங்கினார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒதுக்கிய பணம் தீபாவளிக்கும், மகள் திருமணத்துக்கும், பள்ளிச் செலவுக்கும் கரைந்துவிடும் வீடுகள் பல. அது யாருடைய குற்றமும் அன்று. அவசரம் என்று வந்தால் எந்தத் தாய்தான் வண்டிக்கென்று வைத்த பணத்தைத் தொடாமல் இருப்பாள்? நம் வீடு அப்படிப்பட்டது என்று தெரிந்தால், வேலைக்குப் போக அந்த ஒரே வண்டிதான் என்றால், நீட்டிப்புக்குப் பணம் கட்டிவிடுவதும் ஒரு வகைச் சேமிப்புதான். எப்படியும், இந்தப் பணத்தைக் கூட்டில் போட வேண்டாம். கூட்டுப் பிடிப்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தடை செய்யப்பட்டது. பிடித்தவர் ஓடிவிட்டால் முறையிட இடமில்லை.

முடிவை அன்றைக்கே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் பல வேளைகளில் இல்லை. சில நிறுவனங்கள் முதல் உத்தரவாதம் முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டித்துக்கொள்ள விடுகின்றன. சில நிறுவனங்கள் இன்ன மாதத்துக்குள் என்று வரையறை வைக்கின்றன. 'இதை எதுவரை வாங்கலாம்?' என்று கேளுங்கள். இரண்டு மூன்று ஆண்டு ஓட்டிய பிறகு வண்டியின் குணமும் தெரிந்துவிடும். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதும் தெரிந்துவிடும். அப்போது எடுக்கும் முடிவு ஊகமாக இராது. விதிகள் அடங்கிய சிறு புத்தகத்தையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்து, எவை காப்பில் இல்லை என்ற பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லுங்கள். வண்டியை விற்றால் நீட்டிப்பு வாங்குகிறவருக்குப் போகுமா என்பதையும் அதில் பார்க்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கும் நீட்டிப்பைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். காசில்லாமல் வந்த முதல் ஐந்து ஆண்டு உத்தரவாதத்தையே நம் மக்களில் பலர் இழந்துவிடுகிறார்கள் என்பதுதான் பெரிய வருத்தம். பராமரிப்பு, கிலோமீட்டர் அல்லது மாதம், எது முன்னதோ அந்தக் கணக்கில் செய்ய வேண்டியது. 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம் என்று போட்டிருந்தால், மாதம் 1,000 ஓட்டும் குடும்பம் '10,000 இன்னும் வரவில்லையே' என்று பத்து மாதம் காத்திருக்கக் கூடாது. ஆறாம் மாதம் போக வேண்டும். காத்திருந்து போய், பிறகு இயந்திரம் பழுதானால், புத்தகத்தில் முத்திரை இல்லாத இடத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். தூசியும் சேறும் நிறைந்த பாதையில் ஓடும் வண்டிக்கு இன்னும் முன்னதாகவே எண்ணெயும் காற்று வடிகட்டியும் மாற்ற வேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. நம் செம்மண் பாதையும் அதில் சேர்ந்ததே.

வீட்டில் இளைஞர் இருந்தால் அவர்களுக்கும் ஒரு சொல். கூடுதல் விளக்கு, பெரிய ஒலிபெருக்கி என்று வெளியில் கொடுத்து மின்கம்பியை வெட்டி ஒட்டினால், பிறகு மின்சாரக் கோளாறு எது வந்தாலும் அதன் மேல்தான் பழி போடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூலிக்கு ஏற்றுவது, பகுதி நேரமாக வாடகை வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்கும் உத்தரவாத விதிகள் வேறாக இருக்கலாம். வருமானம் வேண்டியதுதான், விதியைப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். ஏழு பேர் வண்டியில் பத்துப் பேரையும் இரண்டு மூட்டை உரத்தையும் ஏற்றுவதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப் போவதில்லை, வண்டியே சொல்லும்.

முறையாகப் பராமரித்தும், காப்பில் உள்ள பாகம் பழுதாகியும், 'இது உங்கள் தவறு' என்று கைவிரித்தால் என்ன செய்வது? பேச்சோடு விட்டுவிடாதீர்கள். மறுப்பதை எழுத்தில் கேளுங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலம் வரை கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தாளில் உள்ள உத்தரவாதத்துக்கு மேலாக, சட்டம் கொடுத்த உரிமை இது. இதை யாரும் காசுக்கு விற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இச்சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் முறையிடலாம். 25,000 வெள்ளியாக இருந்த கோரிக்கை வரம்பு 2019-ஆம் ஆண்டில் 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. வழக்கறிஞர் வேண்டியதில்லை, எதிர்த் தரப்பும் பொதுவாக வழக்கறிஞரை வைத்துப் பேச முடியாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் முறையிட வேண்டும். மன்றத்துக்குப் போகும்போது வண்டி வாங்கிய ரசீது, உத்தரவாதப் புத்தகம், முத்திரை போட்ட பராமரிப்புப் பதிவுகள், பட்டறை கொடுத்த தாள்கள் ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். பட்டறையில் யாரிடம் பேசினோம், என்றைக்குப் பேசினோம், என்ன சொன்னார் என்பதை அன்றன்றே ஒரு பழைய பள்ளி நோட்டில் குறித்து வைத்திருந்தால் அதையும் கொண்டு போகலாம்.